முட்டைக் கூடை உடையாமல் குருவிநத்தம் போக முடியுமா?

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையைப் பிடித்தால் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று ஊர்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். கன்னியக்கோயிலில் மேற்கே திரும்பியதும் கடற்காற்று பின்வாங்கி, வயல் வாசம் முன்னே வரும். பாகூரைத் தாண்டி இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் தென்பெண்ணையாற்றங்கரையில் குருவிநத்தம். மொத்தமே இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால், ஒரு வண்டியின் சஸ்பென்ஷனுக்கு இந்தத் தூரத்துக்குள் நான்கு பரீட்சைகள் காத்திருக்கின்றன.

முதல் பரீட்சை, நெடுஞ்சாலை. இங்கே வண்டி ஆடக்கூடாது. திடீரென்று பிரேக் அடித்தால் மூக்கு தரையைப் பார்த்துக் குனியக்கூடாது. இரண்டாவது, ஊருக்கு ஊர் இருக்கும் வேகத்தடை. மூன்றாவது, வாய்க்கால் ஓரத்திலும் கரும்புக் கொல்லைக்கு நடுவிலும் ஓடுகிற மண்பாதை. டிராக்டர் சக்கரங்கள் பதித்துவிட்டுப்போன இரட்டைப் பள்ளம். நான்காவது, சக்கரத்தை விழுங்கப் பார்க்கும் ஆற்று மணல்.

காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போவது, மாலையில் கழனியை எட்டிப் பார்ப்பது, அறுவடை நேரத்தில் இரண்டு மூட்டை ஏற்றி வருவது, ஞாயிற்றுக்கிழமை ஆற்றோரம் ஒரு சுற்று. இவ்வளவையும் ஒரே ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் செய்பவர்களுக்கு, வாங்கிய சில மாதங்களிலேயே அந்த ஆசை வந்துவிடும்: 'சஸ்பென்ஷனை மாற்றிவிட்டால் என்ன?'

மாற்றலாம். யாருக்காக, எதற்காக மாற்றுகிறோம் என்பது தெளிவாக இருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமைக்காக வாங்குகிற ஸ்பிரிங்கின் மேல்தான், திங்கள் முதல் சனி வரை வீட்டிலுள்ளவர்கள் உட்கார்ந்து வரப்போகிறார்கள்.

வில்வண்டியின் பாடம்

சஸ்பென்ஷன் என்றதும் புது விஷயம் என்று தோன்றும். தமிழில் அதற்குப் பழைய பெயர் உண்டு: வில். கட்டை வண்டிக்கு வில் கிடையாது. சக்கரம் ஏறுகிற ஒவ்வொரு கல்லும் நேராக உட்கார்ந்திருப்பவர் இடுப்புக்கு வந்து சேரும். நெல்லுக்கும் எருவுக்கும் அது போதும். மனிதர்கள், அதிலும் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் போகிற பெண்களும் குழந்தைகளும் ஏறுவதற்கென்று வந்தது வில்வண்டி. அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கி வைத்ததால்தான் அந்தப் பெயர்.

லாரியிலும் பழைய ஜீப்பிலும் இருப்பது அதே பட்டைதான். இரண்டாம் உலகப்போர்க் காலத்து வில்லிஸ் ஜீப்பின் நான்கு சக்கரங்களுக்கும் பட்டை வில்தான். 1985-ல் வந்த மாருதி ஜிப்ஸிக்கும் முன்னும் பின்னும் பட்டைதான். 2010-ல் வந்த முதல் மஹிந்திரா தாருக்குப் பின்னால் பட்டை. 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த புதிய தாரில் நான்கு பக்கமும் காயில் ஸ்பிரிங். முன்சக்கரங்கள் தனித்தனியாக அசையும், பின்சக்கரங்களை ஒரே அச்சு இணைக்கும். 2023-ல் வந்த ஜிம்னியில் முன்னும் பின்னும் முழு அச்சு, அதன்மேல் காயில் ஸ்பிரிங்.

எந்த வண்டி வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து வைத்தியமும் மாறும். ஜிப்ஸிக்குச் சொன்ன யோசனையைத் தாருக்குச் செய்தால் பலிக்காது.

உழுத நிலமும் முட்டைக் கூடையும்

புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில், பிரான்ஸில் சித்ரோயன் நிறுவனத்தை நடத்திய பியேர் ழூல் பூலான்ழே தன் பொறியாளர்களிடம் ஒரு கார் கேட்டார். விவசாயி வாங்கக்கூடிய விலை, ஐம்பது கிலோ சுமை, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்று அடக்கமான கோரிக்கைகள். கூடவே ஒரு நிபந்தனை: கூடை நிறைய முட்டையை வைத்துக்கொண்டு உழுத நிலத்தைக் கடந்தால், ஒரு முட்டைகூட உடையக்கூடாது.

போர் முடிந்து, 1948-ல் பாரிஸ் கண்காட்சியில் அந்த கார் வெளிவந்தது. அதுதான் புகழ்பெற்ற '2 சிவி'. நான்கு சக்கர டிரைவ் கிடையாது; இன்ஜினும் தம்மாத்தூண்டு. ஆனாலும், மிருதுவான ஸ்பிரிங்கும், சக்கரம் மேலும் கீழும் தாராளமாக ஏறி இறங்க இடமும் இருந்ததால், வரப்பும் பள்ளமும் பார்க்காமல் அது ஓடியது.

இன்று சஸ்பென்ஷன் மாற்றப் போகிறவர்கள் பலரும் மறந்துவிடுவது இதைத்தான். மேடுபள்ளத்தில் ஒரு வண்டியைக் கொண்டுசெல்வது அதன் உயரம் மட்டுமல்ல. சக்கரம் தரையை விடாமல் பிடித்திருப்பது. அந்தரத்தில் சுழலும் சக்கரம், எவ்வளவு உயரமான வண்டியில் இருந்தாலும், இழுக்காது.

ஸ்பிரிங் வேறு, ஷாக் வேறு

இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் உண்டு. ஸ்பிரிங், வண்டியின் எடையைத் தாங்குகிறது. அமுங்கி, அதே வேகத்தில் திரும்ப எழும்புகிறது. அதை அப்படியே விட்டால் வண்டி ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துவது ஷாக் அப்சார்பர். உள்ளே இருக்கும் எண்ணெய் சின்னத் துளைகள் வழியாகப் பிதுங்கிப் போகும்போது, ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறிவிடுகிறது.

அதனால்தான் நீண்ட நேரம் மண்பாதையில் வேகமாக ஓட்டினால் ஷாக் சூடாகிறது. எண்ணெய் நுரைத்தால் பிடிப்பு குறையும். இதற்கு மருந்தாக, எண்ணெயை அழுத்தத்திலேயே வைத்திருக்க நைட்ரஜன் வாயு அடைத்த ஷாக்குகள் வந்தன. ஒற்றைக் குழாய் வாயு ஷாக்கை உருவாக்கியதில் பெயர் பெற்றவர் ஒரு பிரெஞ்சுப் பொறியாளர், த கார்பன். ஜெர்மனியின் பில்ஸ்டீன் நிறுவனம் அதை 1950-களில் மெர்சிடஸ் பென்ஸ் கார்களுக்குக் கொண்டுபோனது. இன்று ஜீப்பர்கள் 'கேஸ் ஷாக்' என்று கேட்டு வாங்குவது அந்த வம்சம்தான்.

குருவிநத்தத்திலிருந்து தினமும் புதுச்சேரி போய்வரும் வண்டிக்கு இதில் என்ன பாடம்? ஸ்பிரிங்கை மட்டும் கெட்டியாக்கிவிட்டு பழைய ஷாக்கையே வைத்திருந்தால், எழும்பும் வேகத்தை அந்த ஷாக்கால் அடக்க முடியாது. வேகத்தடையைத் தாண்டியதும் பின்பக்கம் உதைக்கும். இரண்டும் ஜோடியாக இருக்க வேண்டும்.

பணம் செலவழிக்கும் முன்...

வெளிநாட்டு கிட் ஒன்றின் விலை சுலபமாக ஒரு லட்சத்தைத் தொடும். அதற்கு முன்னால் ஏறக்குறைய காசில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலில் டயர் காற்று. கம்பெனி சொன்ன அளவைவிட நான்கைந்து பாயின்ட் அதிகமாக அடித்துவிட்டு, 'வண்டி ரொம்பக் குலுக்குது' என்று ஸ்பிரிங்கைத் திட்டுபவர்கள் அதிகம். சரியான அளவு ஓட்டுநர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளிலேயே இருக்கும். ஆற்று மணலில் இறங்கும்போது அதையே 18 பி.எஸ்.ஐ. சுற்றுவட்டாரத்துக்குக் குறைத்தால், டயர் அகலமாகப் படுத்து மணலின் மேல் மிதந்து போகும். மணலைப் பொறுத்தவரை, விலை உயர்ந்த எந்த ஸ்பிரிங்கும் செய்யாத வேலையை இது செய்யும். ஆனால், குறைத்த காற்றோடு தார் ரோட்டில் வேகம் எடுக்கவே கூடாது. டயர் சூடேறி வெடிக்கலாம், வளைவில் ரிம்மை விட்டுக் கழன்றும் போகலாம். அதனால், டிக்கியில் ஒரு சின்ன கம்ப்ரஸர் இருப்பது நல்லது.

இரண்டாவது, புஷ். சஸ்பென்ஷன் கைகள் இணைகிற இடங்களில் இருக்கும் ரப்பர் இது. ரப்பர் தேய்ந்தால் 'டொக் டொக்' சத்தம் வரும், ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். சில ஆயிரம் ரூபாயில் முடிகிற வேலை. பட்டை வில் வண்டியானால் பட்டைகளுக்கு நடுவே துரு பிடித்து, ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் இறுகிப்போயிருக்கும். கழற்றிச் சுத்தம் செய்து, ஷாக்கிள் புஷ்ஷை மாற்றினாலே பாதி குலுக்கல் போய்விடும்.

மூன்றாவது, ஷாக். வண்டியின் ஒரு மூலையைப் பலமாக அமுக்கி விடுங்கள். ஒருமுறை எழுந்து அடங்கினால் நலம். இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக்குக்கு வயதாகிவிட்டது. எண்ணெய் கசிந்த தடம், டயரில் அலை அலையாகத் தேய்மானம், பிரேக் அடித்தால் முன்பக்கம் ஆழமாகக் குனிவது... இவையும் அதே நோயின் அறிகுறிகள்தான். தினசரி ஓட்டத்துக்கும் மண்பாதைக்கும் சேர்த்து ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால், நல்ல ஷாக்குகளுக்குச் செலவழிப்பதே பலன் தரும்.

நான்காவதாகத்தான் ஸ்பிரிங். அதற்கு முன் ஒரு கணக்கு: வண்டி தினமும் சுமப்பது எவ்வளவு? 75 கிலோ நெல் மூட்டை இரண்டை ஏற்றினால் பின்பக்கம் 150 கிலோ கூடும். முன்னால் இரும்பு பம்பரும் விஞ்சும் மாட்டியிருந்தால், எப்போதும் கூடுதலாக ஓர் ஆள் பானெட்டில் உட்கார்ந்து வருவது போல. ஸ்பிரிங் கிட்டுகளை எடைக்கு ஏற்பப் பிரித்தே விற்கிறார்கள். 'நாளைக்கு எப்போதாவது தேவைப்படும்' என்று அதிக எடைக்கான ஸ்பிரிங்கை வாங்கிப்போட்டால், காலி வண்டி கட்டை வண்டியாகிவிடும். வருஷத்தில் பத்து நாள் ஏற்றும் நெல்லுக்காக மீதி நாளெல்லாம் பின்சீட்டுக்காரர்கள் குலுங்க வேண்டும். அந்தப் பத்து நாளுக்கு ஒரு குட்டியானையை வாடகைக்குப் பிடிப்பது மலிவு.

இரண்டு அங்குல ஆசை

படங்களில் பார்க்கிற உயரம் தூக்கிய ஜீப்புகளின் கவர்ச்சி தனிதான். ஆனால், பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. ஸ்பிரிங்கை இரண்டு அங்குலம் உயர்த்தினால் உயர்வது வண்டியின் உடம்பு மட்டுமே. முழு அச்சு உள்ள வண்டியில், அந்த அச்சின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். பாதை நடுவில் துருத்தும் கல் முதலில் தட்டுவது அதைத்தான். அதை உயர்த்தப் பெரிய டயர் வேண்டும். பெரிய டயர் போட்டால் இழுவை குறையும், பிரேக் பிடிக்கும் தூரம் நீளும், டீசலும் கூடக் குடிக்கும்.

உடம்பு உயரும்போது வண்டியின் எடை மையமும் மேலே போகிறது. கடலூர் சாலையில் குறுக்கே வந்த இரண்டு சக்கர வாகனத்துக்காகச் சட்டென்று ஒடித்தால், பழைய உயரத்தில் சமாளித்திருக்கக்கூடிய வண்டி சாயப் பார்க்கும். சக்கரக் கோணம், பிரேக் ஹோஸின் நீளம், புரொபெல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு, முகப்பு விளக்கின் திசை எல்லாமே மாறுகின்றன. உயரத்தை மாற்றிவிட்டு வீல் அலைன்மென்ட் செய்யாமல் ஓட்டுவது, புது டயரைக் கையாலேயே தேய்த்து எறிவதற்குச் சமம்.

கம்பெனி கொடுத்ததே இந்தப் பாதைகளுக்குக் குறைவில்லை. தாரின் தரை இடைவெளி 226 மில்லிமீட்டர், ஜிம்னிக்கு 210. நம் வேகத்தடைகளே இதற்கு அளவுகோல். இந்தியச் சாலைக் காங்கிரஸின் இலக்கணப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். அகலத்தைக் குறைத்து, உயரத்தைக் கூட்டி, இலக்கணத்தை மீறி நிற்பவை எல்லா ஊரிலும் உண்டு. அவற்றையும் இந்த வண்டிகள் வயிறு தட்டாமல் தாண்டிவிடும்.

மலைப்பாதை ஓட்டுநர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. தேனி மாவட்டத்தின் கொழுக்குமலைக்கு, கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து கற்பாதையில் ஏறுபவை பெரும்பாலும் ஜீப்புகள்தான். அந்த ஏற்றத்தில் பழைய பட்டை வில் ஜீப்புகளும் காலம் தள்ளியிருக்கின்றன. ரகசியம் வேகத்தில் இருக்கிறது. நடக்கிற வேகத்தில், ஒவ்வொரு சக்கரத்தையும் எங்கே வைப்பது என்று பார்த்து வைத்தால், சாதாரண ஸ்பிரிங்கும் ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஆறு பொங்கும்போது

உயரம் கூட்டுவதற்கு ஆற்றோர ஊர்களில் சொல்லப்படும் இன்னொரு காரணம், வெள்ளம். அலட்சியப்படுத்த முடியாத காரணம்தான். 2021 நவம்பரிலும் தென்பெண்ணை பொங்கியது. 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மழை விட்டு மூச்சு விடுவதற்குள், டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. பாகூர் கொம்யூனின் ஆற்றோரக் கிராமங்களுக்குள் தென்பெண்ணை புகுந்தது.

அப்படியொரு இரவில் வீட்டு வாசலில் உயரமான ஜீப் நின்றால், 'இதிலே போயிடலாம்' என்று தோன்றும். இங்கேதான் உயிர் விஷயம் இருக்கிறது. தார் 650 மில்லிமீட்டர் ஆழம் வரை தண்ணீரைக் கடக்கும் என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு. அது மெதுவாக, தரை தெரிந்த, நிற்கும் தண்ணீருக்கான எண். ஓடும் தண்ணீருக்கு வேறு கணக்கு. ஓர் அடி உயரத்துக்கு ஓடும் வெள்ளம் பெரும்பாலான கார்களை நகர்த்திவிடும், இரண்டு அடி உயர வெள்ளம் எஸ்.யு.வி.களையும் அடித்துப்போகும் என்று அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை எச்சரிக்கிறது. வண்டி மிதக்க ஆரம்பித்துவிட்டால் சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லை. அதன்பின் எந்த ஸ்பிரிங் போட்டிருந்தாலும் ஒன்றுதான்.

போதாக்குறைக்கு, வெள்ளம் வாய்க்காலையும் சாலையையும் ஒரே மட்டமாக்கிவிடும். சாலை அரித்துப்போன இடம் மேலிருந்து தெரியாது. தண்ணீர் சாலையில் ஏறும் முன்பே குடும்பத்தோடு கிளம்பிவிடுவதற்குத்தான் ஜீப். ஏறிய பிறகு, படகோடு வரும் மீட்புக் குழுவுக்காக மேட்டில் காத்திருப்பதே சரி.

ஆர்.டி.ஓ. என்ன சொல்வார்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் அசல் விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாக உறுதிசெய்தது. தேய்ந்த ஷாக்கையும் புஷ்ஷையும் அதே அளவில் நல்லதாக மாற்றுவது பராமரிப்பு. உயரத்தையும் டயர் அளவையும் மாற்றுவது அப்படியல்ல. பி.ஒய். பதிவு எண்ணோ, டி.என். பதிவு எண்ணோ, சட்டம் இருவருக்கும் ஒன்றுதான்.

இதில் அபராதம் சின்ன விஷயம். விபத்து நடந்தபின், 'வண்டியை மாற்றியிருக்கிறீர்கள்' என்று இன்ஷூரன்ஸ் பணம் சிக்கலானால், அடி விழுவது மொத்தக் குடும்பத்துக்கும். எதைச் செய்தாலும் முதலில் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பில்லைப் பத்திரப்படுத்துவது புத்திசாலித்தனம். புது வண்டியானால் வாரன்ட்டி விஷயத்தையும் ஷோரூமில் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

சக்கரம் படக்கூடாத இடங்கள்

பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையின் தண்ணீரைக் கொண்டுவருவது பங்காரு வாய்க்கால். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து கிளம்பி, இந்தப் பகுதியின் நெல்லுக்கு உயிர் கொடுப்பது அதுதான். மழைக்காலத்தில் ஊறிக்கிடக்கும் ஏரிக்கரை, வாய்க்கால் கரை மேல் இரண்டு டன் வண்டியை ஓட்டினால் கரை உட்காரும். அந்தத் தடத்தில்தான் அடுத்த உடைப்பு பிறக்கும். குளிர்காலத்தில் ஏரிக்குப் பறவைகள் வேறு வருகின்றன. கரையோரம் இன்ஜினை அணைத்துவிட்டு நடந்தால் அவையும் இருக்கும், நாமும் பார்க்கலாம்.

அதே கொம்யூனின் கிழக்கு ஓரத்தில் நரம்பை, மணப்பட்டு கடற்கரைகள். ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு அந்த மணலைக் கண்டால் கால் துறுதுறுக்கும். ஜனவரி முதல் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வரும் கடற்கரை இது. மணலுக்குள் புதைந்த முட்டைகள் மேலே தெரியாது. கூடையில் உள்ள முட்டையைக் காப்பாற்ற இவ்வளவு யோசிக்கிறவர்கள், மணலுக்கு அடியில் உள்ளதையும் நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கழனிப் பாதைகளிலும் நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குவது மரியாதை. நடவு முடிந்த வயலோரம் வரப்பு இளகியிருக்கும் மாதங்களில் அங்கே வண்டிக்கு வேலையே இல்லை. அறுவடை முடிந்து, மண் காய்ந்து, பாதை இறுகியிருக்கும் மாசி, பங்குனியில் போனால் வண்டிக்கும் நல்லது, வரப்புக்கும் நல்லது.

போகிற வழியில் பாகூர் மூலநாதர் கோயிலில் அரை மணி நேரம் இறங்கலாம். சோழர் காலக் கற்றளி, சுவரெங்கும் கல்வெட்டு. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இந்த ஊரில் ஒரு கல்விச்சாலை இருந்ததையும், அதற்குப் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில் மூன்று ஊர்கள் தானமாகக் கிடைத்ததையும் பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன.

கிட் வாங்குவதென்று முடிவெடுப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் அதே கிட் போட்ட ஒரு வண்டியில் இந்தப் பாதையில் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது. டிரைவர் சீட்டில் வேண்டாம், பின்சீட்டில். கூடவே வீட்டில் உள்ள பெரியவர்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள். குருவிநத்தம் வந்து இறங்கியதும் அவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால், அந்த கிட் உங்கள் வீட்டுக்கு ஒத்துவராது.